நான்கு பட்டியல்களை ஒன்றாக்குகிறோம்: ஒரே மரத்துக்கு மூன்று பெயர், ஒரே பெயரில் இரண்டு உயிர். எப்படித் தீர்ப்பது?

வைகைக்கரை (கேள்வி):

வணக்கம் நண்பர்களே. எங்கள் இயற்கை ஆர்வலர் குழு மதுரை, திண்டுக்கல், தேனி மூன்று மாவட்டங்களுக்கும் சேர்த்து ஒரே உயிரினத் தரவுத்தளம் உருவாக்கிக்கொண்டிருக்கிறது. கையில் நான்கு மூலங்கள் இருக்கின்றன. முதலாவது ஒரு கல்லூரி ஹெர்பேரியத்தின் (உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிவைக்கும் தொகுப்பு) எக்செல் கோப்பு. அதில் பெரும்பாலான பெயர்கள் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்த காம்பிளின் மெட்ராஸ் மாகாணத் தாவர நூலைப் பார்த்து எழுதியவை. இரண்டாவது, பொதுமக்கள் உயிரினப் படங்களைப் பதிவேற்றும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலிருந்து இறக்கியது. மூன்றாவது பறவைப் பதிவுத் தளமான இபேர்ட், அதுவும் வெவ்வேறு ஆண்டுகளில் இறக்கிய இரண்டு கோப்புகள். நான்காவது, ஓய்வுபெற்ற ஓர் உயிரியல் ஆசிரியர் பல ஆண்டுகளாக எழுதிவைத்த களக் குறிப்பேடுகளைத் தட்டச்சு செய்தது. இந்த நான்காவதுதான் எங்களுக்கு மிகவும் முக்கியம். இன்று வீட்டுமனையாகிவிட்ட கண்மாய்களில் அன்று என்ன இருந்தது என்று வேறு எங்கும் எழுத்தில் இல்லை.

சிக்கல் இதுதான். கருவேல மரம் ஹெர்பேரியத்தில் அகேசியா அராபிகா, குறிப்பேட்டில் அகேசியா நைலோட்டிகா, ஐநேச்சுரலிஸ்ட்டில் வச்செலியா நைலோட்டிகா. இணைத்தவுடன் மூன்று மரங்களாகிவிட்டது. உண்ணிக்கொக்கும் அப்படித்தான், பூபுல்கஸ் ஐபிஸ், பூபுல்கஸ் கொரமாண்டஸ், ஆர்டியா கொரமாண்டா என்று மூன்று வரிகள். ஆலமரத்தின் பெங்காலென்சிஸ் ஒரு கோப்பில் எச் எழுத்தோடும் இன்னொன்றில் அது இல்லாமலும் இருப்பதால் அதுவும் இரண்டாகிவிட்டது. இதெல்லாம் கண்ணில் பட்டவை. படாதவை எத்தனையோ.

ஆர் என்ற நிரல்மொழி ஓரளவு தெரியும், தரவைச் சுத்தம்செய்யும் ஓப்பன்ரிஃபைனும் பயன்படுத்தியிருக்கிறோம். எந்தப் பத்தியை வைத்து இணைப்பது? எந்தப் பட்டியலைச் சரி என்று எடுத்துக்கொள்வது? பட்டியல்களே ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இடத்தில் என்ன செய்வது? மாவட்ட வாரியாக வனத்துறைக்கும் ஒரு பிரதி தர வேண்டியிருக்கிறது, அதனால் தப்பான பட்டியல் கொடுத்துவிடக் கூடாது என்ற கவலை இருக்கிறது.

நிரலன்77:

ரொம்ப யோசிக்க வேண்டாம். உலகெங்கும் உள்ள உயிரினப் பதிவுகளைத் திரட்டும் ஜிபிஐஎஃப் தளத்தில் பெயர் பொருத்தும் சேவை இலவசமாகவே இருக்கிறது, ஆர் மொழியில் அதற்கான தொகுப்பும் உண்டு. நான்கு கோப்பிலிருந்தும் பெயர்ப் பத்தியை மட்டும் எடுத்து, ஒரே பெயர் திரும்ப வருவதை நீக்கிவிட்டு அனுப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏற்கப்பட்ட பெயரும் ஒரு எண்ணும் திரும்பி வரும். அந்த எண்ணை வைத்து இணைத்தால் கருவேலம் ஒரே வரியாகிவிடும். பெங்காலென்சிஸ் மாதிரி எழுத்துப் பிழைகளைத் தோராயப் பொருத்தம் பார்த்துக்கொள்ளும். பொருந்தாமல் நிற்பதை மட்டும் கையால் பாருங்கள். ஒரு வாரயிறுதி வேலைதான்.

பட்டியல்பணி:

மேலே நண்பர் சொன்ன சேவையை நானும் அன்றாடம் பயன்படுத்துகிறேன், அது இல்லாமல் இந்த வேலை நடக்காது. ஆனால் "பொருந்தாததை மட்டும் கையால் பார்" என்ற இடத்தில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. பொருந்தாமல் நிற்கும் பெயரால் பெரிய சேதம் கிடையாது, அது கண்ணுக்குத் தெரிகிறது, யாராவது பார்த்துவிடுவார்கள். அழகாக நூறு சதவீதம் பொருந்தி, தப்பான உயிரினத்தில் போய் உட்காரும் பெயர்தான் ஆபத்து. அது எந்தப் பிழைச் செய்தியும் தராது.

முதலில் அமைப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள். மூலத்தில் எப்படி எழுதியிருந்ததோ அப்படியே, பிழையோடு, ஒரு பத்தியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். "அகேசியா அராபிகா" என்று தாளில் இருந்தால் அது கடைசி வரை அங்கேயே இருக்கட்டும். ஆசிரியரின் குறிப்பேட்டுக்கு இது இன்னும் முக்கியம், அவர் எழுதியதை நாம் திருத்தி எழுதிவிட்டால் பத்து ஆண்டு கழித்து வருபவருக்கு அவர் என்ன பார்த்தார் என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது. அடுத்து பெயர்களுக்குத் தனி அட்டவணை, உயிரினங்களுக்குத் தனி அட்டவணை. இரண்டையும் இணைக்க மூன்றாவதாக ஓர் அட்டவணை. அந்த மூன்றாவதில் ஒவ்வொரு வரியிலும் "இந்தப் பெயர் இந்த உயிரினத்தைக் குறிக்கிறது, இப்படிச் சொல்வது யார், எந்தத் தேதிப் பதிப்பு" என்று இருக்க வேண்டும். உயிரினத் தரவைப் பகிர்வதற்கான டார்வின் கோர் தரத்தில் இதற்கென்றே "நேம் அக்கார்டிங் டூ" (யார் சொன்னபடி இந்தப் பெயர்) என்ற புலம் உண்டு. பெரும்பாலானவர்கள் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முழு அட்டவணையிலும் பெறுமதியான புலம். உயிரினத்துக்குச் சாவி, அதாவது அட்டவணைகளை இணைக்கும் அடையாளம், அர்த்தமில்லாத வெறும் எண்ணாக இருக்கட்டும். பெயரைச் சாவியாக வைத்தீர்கள் என்றால் பெயர் மாறும்போதெல்லாம் மொத்தமும் ஆடும்.

ஏன் "யார் சொன்னது" தேவை என்றால், ஒத்த பெயர்களில், அதாவது ஒரே உயிரினத்துக்கு வந்த வெவ்வேறு பெயர்களில், இரண்டு வகை இருக்கிறது. உங்கள் கருவேலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். லின்னேயஸ் 1753இல் மைமோசா நைலோட்டிகா என்று பெயரிட்டார், அது பிறகு அகேசியாவுக்குப் போய், இப்போது வச்செலியாவுக்கு வந்திருக்கிறது. மூன்றுக்கும் அடிப்படை ஒரே வகைமாதிரிதான் (ஒரு பெயர் எதைக் குறிக்கிறது என்பதற்கு ஆதாரமான மாதிரி), எனவே இந்த மூன்றும் எந்தக் காலத்திலும் பிரியாது, கண்ணை மூடிக்கொண்டு இணைக்கலாம். அராபிகா அப்படியில்லை. அது லாமார்க் வேறு மாதிரியை வைத்துக் கொடுத்த பெயர். இரண்டும் ஒரே சிற்றினம் என்பது வகைப்பாட்டாளர்களின் முடிவு, இன்று எல்லோரும் ஏற்கும் முடிவுதான், ஆனாலும் முடிவு. நாளை யாராவது பிரித்தால் முதல் வகை இணைப்புகள் அப்படியே இருக்கும், இரண்டாவது வகையை மட்டும் திரும்பிப் பார்த்தால் போதும். இந்த வேறுபாட்டை இப்போதே ஒரு பத்தியில் குறித்துவைத்தால் பின்னால் பெரிய வேலை மிச்சம்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. "அகேசியா" என்று இருப்பதையெல்லாம் "வச்செலியா" என்று ஒட்டுமொத்தமாக மாற்றிவிடாதீர்கள், உங்கள் மாவட்டங்களில் இது நிச்சயம் வெடிக்கும். 2005இல் வியன்னாவில் நடந்த தாவரவியல் மாநாடு அகேசியா என்ற பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்குக் கொடுத்துவிட்டது, ஏனென்றால் அந்தப் பக்கம் ஏறத்தாழ ஆயிரம் சிற்றினங்கள் இருந்தன, பெயர் மாற்றினால் அங்கேதான் அதிகக் குழப்பம் வரும். 2011இல் மெல்போர்னில் அது உறுதியானது. விளைவு என்ன? நம் ஊர்க் கருவேலமும் வெள்வேலமும் குடைவேலமும் வச்செலியா ஆகின. கருங்காலி செனகாலியா ஆனது. ஆனால் வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவந்து கொடைக்கானலில் நட்ட வாட்டில் மரம், அகேசியா மீர்ன்சி, அகேசியாவாகவே இருக்கிறது. சீகைக்காயில் பேரினத்தோடு (பெயரின் முதல் சொல்) அடைமொழியும் (இரண்டாவது சொல்) மாறியிருக்கிறது, அகேசியா கன்சின்னா என்று தேடினால் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் தாவரப் பட்டியல் செனகாலியா ருகேட்டாவுக்குக் கொண்டுபோகும். சீமைக்கருவேலத்திலும் இதே கதை. 2022இல் புரோசோபிஸ் பேரினத்தைப் பிரித்ததில் சீமைக்கருவேலம் நெல்டுமா ஜூலிஃப்ளோரா ஆனது, வன்னி மரம் மட்டும் புரோசோபிஸ் சினரேரியாவாகவே நின்றுவிட்டது. பேரின மட்டத்தில் கண்டுபிடி-மாற்று போட்டால் கோயில் வன்னியும் நெல்டுமா ஆகிவிடும்.

இன்னொன்று, உயிரினப் பெயரை அனுப்பும்போது தாவரமா விலங்கா என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். தாவரப் பெயர் விதித்தொகுப்பும் விலங்குப் பெயர் விதித்தொகுப்பும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை, அதனால் ஒரே பெயர் இரண்டு பக்கமும் செல்லுபடியாகும். மோரஸ் என்றால் முசுக்கொட்டையும் உண்டு, கடற்பறவையும் உண்டு. ஃபைக்கஸ் என்றால் ஆல், அத்தி, அரசு, கூடவே ஒரு கடல் நத்தை. ஃபைக்கஸ் வேரியகேட்டா என்ற முழுப் பெயரே இரண்டு இடத்தில் இருக்கிறது: 1798இல் ரோடிங் நத்தைக்கு வைத்தது, பிறகு புளூமே மரத்துக்கு வைத்தது. இந்த இடத்தில் ஆசிரியர் பெயர், அதாவது அந்த உயிரினத்துக்குப் பெயர் வைத்தவரின் பெயர்தான் கைகொடுக்கும். ஒரே தெருவில் இரண்டு முருகேசன் இருந்தால் இனிஷியலைக் கேட்பது மாதிரி. ஹெர்பேரியம் எக்செல்லில் ஆசிரியர் பெயர் இருந்தால் தயவுசெய்து அதை நீக்கிவிடாதீர்கள்.

நிரலன்77:

ஒட்டுமொத்த மாற்று வேண்டாம் என்பது சரி, அதை நான் சொல்லவும் இல்லை. தாவரமா விலங்கா என்று சேர்த்து அனுப்புவது நல்ல யோசனை. ஆனால் மூன்று அட்டவணை, யார் சொன்னது, எந்தப் பதிப்பு என்று போனால் ஒரு தன்னார்வக் குழு இதை முடிக்குமா? வேலை நின்றுபோனால் குறிப்பேடுகள் யாருக்கும் பயன்படாமல் கணினியில் கிடக்கும், அதுவும் இழப்புதானே.

இலைவடு:

ஹெர்பேரியத்தில் வேலை பார்ப்பவள் என்ற முறையில் ஒரே ஒரு செடியை எடுத்துச் சொல்கிறேன், இரண்டு பேர் சொல்வதும் எங்கே முட்டுகிறது என்று புரியும்.

கீழாநெல்லி. உங்கள் ஹெர்பேரியம் கோப்பில் ஃபில்லாந்தஸ் நிரூரி என்று இருக்கும், கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வேன். நம் நாட்டின் பழைய தாவர நூல்கள், சித்த மருத்துவ நூல்கள், கல்லூரிப் பாடங்கள் எல்லாவற்றிலும் அந்தப் பெயர்தான். அதை ஜிபிஐஎஃப்புக்கு அனுப்பினால் மிகச் சரியான பொருத்தம், ஏற்கப்பட்ட பெயர் என்று பதில் வரும். எழுத்துப் பிழை இல்லை, ஒத்த பெயரும் இல்லை. ஆனால் ஃபில்லாந்தஸ் நிரூரி என்பது அமெரிக்க வெப்பமண்டலச் செடி. நம் வயல் வரப்பில் வளர்வது பெரும்பாலும் ஃபில்லாந்தஸ் அமாரஸ், சில இடங்களில் ஃபிரட்டெர்னஸ், சில இடங்களில் டெபிலிஸ். மூன்றையும் பழையவர்கள் நிரூரி என்ற ஒரே பெயரில் எழுதிவிட்டார்கள். ஃபிரட்டெர்னஸ் என்று தனியாகப் பெயர் வந்ததே 1955இல்தான், அதற்கு முன் ஒட்டிய தாளில் அந்தப் பெயர் இருக்கவே முடியாது.

இதைத்தான் தவறாகப் பயன்படுத்தப்பட்ட பெயர் என்கிறோம். எந்த மென்பொருளும் இதைத் தீர்க்காது, ஏனென்றால் பிழை பெயரில் இல்லை, பெயரை ஒட்டிய கையில் இருக்கிறது. தீர்வு தாளில்தான் இருக்கிறது. கைலென்ஸில் பூவைப் பாருங்கள், இதழ் மாதிரித் தெரியும் உறுப்புகள் அமாரஸில் ஐந்து, ஃபிரட்டெர்னஸில் ஆறு. காய்ந்த பூ நொறுங்கிவிடும், அதனால் காய்க்கு அடியில் ஒட்டிக்கொண்டிருப்பதை எண்ணுவது எளிது. மருந்துச் செடி என்பதால் இது வெறும் பட்டியல் சுத்தம் சம்பந்தப்பட்ட விஷயமில்லை. எந்தச் செடியின் தரவை யார் எடுத்துக்கொண்டு எந்த ஆய்வுக்குப் போவார்கள் என்று நமக்குத் தெரியாது. தப்பான பெயரில் போவதை நினைத்தாலே எனக்குப் பதற்றமாக இருக்கிறது.

பெயர்களைப் பிரித்துப் பார்க்க குளோபல் நேம்ஸ் திட்டத்தின் ஜிஎன்பார்சர் என்ற கருவி இருக்கிறது. பேரினம், அடைமொழி, ஆசிரியர் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்துத் தரும், இலத்தீன் பால் விகுதியை வெட்டிய வடிவமும் தரும். கொரமாண்டஸ், கொரமாண்டா என்று பேரினம் மாறும்போது விகுதி மாறுவதெல்லாம் அதிலேயே தீர்ந்துவிடும். ஆனால் அடைமொழி ஒன்றாக இருந்தால்தான் ஒரே செடி என்ற விதியையும் முழுதாக நம்ப முடியாது. நெல்லி ஃபில்லாந்தஸ் எம்ப்ளிக்கா என்றும் எம்ப்ளிக்கா அஃபிசினாலிஸ் என்றும் வரும். எம்ப்ளிக்கா எம்ப்ளிக்கா என்று வைக்கலாமே என்றால் தாவர விதி பேரினமும் அடைமொழியும் ஒன்றாக இருக்க அனுமதிக்காது. விலங்குப் பக்கம் அது தாராளமாக உண்டு, புள்ளிமான் ஆக்சிஸ் ஆக்சிஸ்தானே. தோராயப் பொருத்தம் வந்ததையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். மைக்ரோகார்ப்பா, மாக்ரோகார்ப்பா இரண்டுக்கும் நடுவில் ரோமன் எழுத்தில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம், கணினிக்கு அது தட்டச்சுப் பிழை மாதிரிதான் தெரியும்.

2013க்குப் பிறகு புதுப்பிக்கப்படாத தி பிளான்ட் லிஸ்ட் என்ற தாவரப் பெயர்ப் பட்டியலை இன்னும் பல பழைய ஆர் நிரல்கள் பயன்படுத்துகின்றன, அதைத் தொடாதீர்கள். தாவரத்துக்குக் கியூ பட்டியல் அல்லது வேர்ல்ட் ஃப்ளோரா ஆன்லைன் என்ற இணையப் பட்டியல், இரண்டில் ஒன்று. எது என்பதைவிட ஒன்றையே கடைசி வரை பிடித்துக்கொள்வது முக்கியம்.

கொக்குக்குளம்:

பறவைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உண்ணிக்கொக்கு விஷயத்தில் விகுதி வெட்டினால் பாதிதான் தீரும், மீதிப் பாதியில்தான் பொறி இருக்கிறது. ஆசிரியர் பூபுல்கஸ் ஐபிஸ் என்று எழுதிய காலத்தில் உலகம் முழுக்க உண்ணிக்கொக்கு ஒரே சிற்றினம். பிறகு அதை மேற்கு, கிழக்கு என்று இரண்டாகப் பிரித்தார்கள். ஐபிஸ் என்ற பெயர் ஆப்பிரிக்கா, ஐரோப்பா, அமெரிக்கா பக்கத்துப் பறவைக்குப் போனது, நம்முடையது கொரமாண்டா. இப்போது பழைய பெயரைச் சேவைக்கு அனுப்பினால் ஐபிஸ் என்றே திரும்பி வரும், மதுரைக் கண்மாயில் ஆப்பிரிக்கக் கொக்கு இருந்ததாக வரைபடம் காட்டும். கூகை ஆந்தையும் அதே கதி. 2024இல் இபேர்ட் பிரித்தபோது டைட்டோ ஆல்பா மேற்கே போய்விட்டது, நமக்கு டைட்டோ ஜாவானிகா.

எனக்கு ரொம்ப வருத்தம் தரக்கூடியது கொடைக்கானல் சிரிப்பான். குறிப்பேட்டில் காருலாக்ஸ் ஜெர்டோனி என்று இருக்கிறதா என்று பாருங்கள். பழைய நூல்களில் பழனி மலைப் பறவையும் ஜெர்டோனியின் ஒரு கிளையினமாகத்தான் வைக்கப்பட்டிருந்தது. 2017இல் மேற்குத் தொடர்ச்சி மலைச் சிரிப்பான்களுக்கு மாண்டெசின்க்லா என்று புதிய பேரினமே வந்தது. இன்று மாண்டெசின்க்லா ஜெர்டோனி என்றால் வயநாடு, பிரம்மகிரிப் பக்கத்து உச்சிகளில் மட்டும் மிச்சமிருக்கும் பறவை. உங்களுடையது மாண்டெசின்க்லா ஃபேர்பாங்கி. இயந்திரம் பாட்டுக்கு இணைத்தால், அழிவின் விளிம்பில் இருக்கும் ஒரு பறவை கொடைக்கானலில் இருந்ததாக வனத்துறைக் கோப்பில் ஏறிவிடும். பின்னாளில் தெற்கே தென்காசி, திருநெல்வேலி வரை விரித்தால் ஃபேர்பாங்கியிலும் இதே பிரச்சினை வரும், அச்சன்கோவில் கணவாய்க்குத் தெற்கே உள்ளது இப்போது மெரிடியோனாலிஸ்.

நல்ல செய்தி, பறவைகளில் இதற்கு இடமே தீர்வு. ஒரே பெயர் பிரிந்த இடங்களில் எல்லாம் "இந்தப் பெயர், இந்த மாவட்டம், இந்த ஆண்டுக்கு முன்" என்றால் "இந்தச் சிற்றினம்" என்று ஒரு சிறு விதி அட்டவணை போடுங்கள். இபேர்ட்டும் பிரிக்கும்போது பழைய பதிவுகளை இடத்தை வைத்துத்தான் மாற்றுகிறது. அதனால்தான் நீங்கள் வெவ்வேறு ஆண்டில் இறக்கிய இரண்டு கோப்புகளில் பெயர் வேறாக இருக்கிறது. பழைய கோப்பைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஒரே தடவையில் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள், பாதி முரண்பாடு அங்கேயே போய்விடும். எந்தப் பட்டியல் என்ற கேள்விக்கு, 2025 ஜூனில் ஏவிலிஸ்ட் என்ற உலகப் பறவைப் பட்டியல் வந்துவிட்டது, 11,131 சிற்றினங்களோடு. இதுவரை தனித்தனியாகப் போய்க்கொண்டிருந்த உலகப் பட்டியல்களை ஒன்றாக்கும் முயற்சி அது.

வைகைக்கரை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன், கொடைக்கானல் பக்கங்களில் ஜெர்டோனி என்றுதான் இருக்கிறது! கீழாநெல்லி ஹெர்பேரியத்தில் நிரூரி என்றே இருக்கிறது, சில தாள்களில் பூவும் இல்லை, காயும் இல்லை. அவற்றை என்ன செய்வது? வனத்துறைக்குக் கொடுக்கும் பிரதியில் புதுப் பெயரா, பழைய பெயரா?

பட்டியல்பணி:

வனத்துறைப் பிரதிக்குத் தனியாக ஒரு வெளியீட்டுப் பத்தி வைத்துக்கொள்ளுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில், 2022 திருத்தத்துக்குப் பிறகு என்ன பெயர் அச்சாகியிருக்கிறதோ அதுதான் அவர்களுக்கு வேண்டும், வகைப்பாட்டில் பெயர் மாறினாலும் சட்டத்தில் தானாக மாறாது. உள்ளே எண் ஒன்றுதான், வெளியே யாருக்கு எந்தப் பெயர் வேண்டுமோ அதைக் காட்டலாம். மூன்று அட்டவணை எதற்கு என்று நிரலன் கேட்டாரே, இதற்கும்தான்.

நிரலன், வேலை நின்றுபோகும் என்ற கவலை எனக்கும் உண்டு. எல்லாப் பெயரையும் நான்கு பேர் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. ஒரே வகைமாதிரிப் பெயர்களைக் கணினியே முடிக்கட்டும், நீங்கள் சொன்ன வழியில். பிரிந்த சிற்றினங்கள், தவறாகப் பயன்பட்ட பெயர்கள், ஒரே பெயரில் இரண்டு உயிர், இந்த மூன்று பட்டியலை மட்டும் மனிதர் பார்த்தால் போதும். மூன்று மாவட்டத்துக்கு அது பெரிய பட்டியலாக இருக்காது.

நிரலன்77:

சரி, அப்படியானால் நடக்கும். பிரிந்த சிற்றினங்களுக்கான விதி அட்டவணையைப் படித்து இயங்கும் சிறு நிரலை நான் எழுதித் தருகிறேன். மாவட்டப் பத்தி எல்லாக் கோப்பிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இலைவடு:

பூவும் காயும் இல்லாத தாள்களைச் சிற்றினத்துக்கு இழுக்காதீர்கள். "ஃபில்லாந்தஸ் நிரூரி, பழைய இந்திய நூல்களின் பொருளில்" என்று தனி உயிரின வரி ஒன்று உருவாக்கி, அதன் கீழ் அமாரஸ், ஃபிரட்டெர்னஸ், டெபிலிஸ் மூன்றையும் சாத்தியங்களாக இணைத்து, அந்தத் தாள்களை அங்கே வையுங்கள். வரைபடத்தில் அது தனி நிறத்தில் வரட்டும். காய் உள்ள தாள்களைப் படம் எடுத்துப் போடுங்கள், காய்க்கு அடிப்பக்கம் தெரியும்படி, அளவுகோல் வைத்து. நான் பார்த்துச் சொல்கிறேன்.